அஞ்ஞானி வீடும் பேராசிரியர் கோசெலெக்கும்

நாங்குநேரிக்குத் தெற்கே எங்கள் ஊரில் ஆச்சி வீட்டுக்கு எதிர்வீட்டை, ஆச்சி ஒருநாளும் அதன் சொந்தக்காரர் பெயரால் குறிப்பிட்டதில்லை. கிறிஸ்துமஸ் அன்று அதிரசமும் முறுக்கும் அடுக்கிய தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்து, "லே, அஞ்ஞானி வீட்டுல குடுத்துட்டு வா" என்பார். அந்த வீட்டு அம்மாள் அதை வாங்கிக்கொண்டு உள்பக்கம் திரும்பி, "வேதக்கார ஆச்சி பலகாரம் அனுப்பியிருக்காவ" என்று குரல் கொடுப்பார். இருவரும் ஒருவர் வீட்டுப் பிரசவத்துக்கு மற்றவர் வெந்நீர் வைத்தவர்கள். ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு மற்றவர் அடுப்பு மூட்டாமல் இருந்தவர்கள். ஆனால் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்னும் பெயரை ஆச்சி தமக்குரியதாகவே ஏற்றிருந்தார். கிறிஸ்தவர் அல்லாதவரைக் குறிக்கும் அஞ்ஞானி என்னும் பெயரை எதிர்வீட்டார் எவரும் தம்மைச் சுட்டச் சொன்னதில்லை.

இந்த வேறுபாடு எனக்குப் பல ஆண்டுகள் உறைக்கவே இல்லை. பாளையங்கோட்டையில் வரலாறு கற்பிக்க வந்து, ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ரைன்ஹார்ட் கோசெலெக்கின் கட்டுரை ஒன்றை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்த இரவில்தான் உறைத்தது. கிரேக்கர், பார்பேரியர், கிறிஸ்தவர், அஞ்ஞானி என்று ஐரோப்பா மனிதரை இரண்டாகப் பிரித்துப் பெயரிட்ட முறையை அவர் அதில் ஆராய்கிறார். ஒரு தரப்பு தனக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர் ஒன்று, அது எதிர்த்தரப்புக்குச் சூட்டும் பெயர் இன்னொன்று. இரண்டாவது பெயரை அதற்கு உரியவர் ஏற்பதில்லை. இத்தகைய இணைகளைச் சமனற்ற எதிர்ச்சொற்கள் என்று அவர் அழைத்தார். படித்துக்கொண்டிருந்த எனக்குத் தூக்குச்சட்டியின் கைப்பிடி உள்ளங்கையில் அழுந்தியது போல இருந்தது.

கோசெலெக் 1923இல் ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில் உள்ள கோர்லிட்ஸ் நகரில் பிறந்தார். 1941இல், பள்ளிப் பருவம் முடியும் வயதில், தாமே முன்வந்து படையில் சேர்ந்து கிழக்குப் போர்முனைக்குச் சென்றார். 1945 மே மாதம் சோவியத் படையிடம் சிறைப்பட்டவரை, நாஜிகளின் கொலைமுகாம் இருந்த ஆஷ்விட்ஸுக்கு நடத்திச் சென்று, அங்கிருந்த பெரும் இரசாயன ஆலையைப் பிரித்தெடுக்கும் வேலையில் ஈடுபடுத்தினார்கள். அந்த இடத்தில் இலட்சக்கணக்கானோரை நச்சுவாயு செலுத்திக் கொன்றார்கள் என்ற செய்தியைச் சிறைப்பட்ட ஜெர்மானியர் பலர் ரஷ்யரின் பிரசாரம் என்றே எண்ணியிருந்தனர். ஒருநாள், அந்த முகாமில் முன்பு கைதியாக இருந்த போலந்துக்காரர் ஒருவர், வேலையில் சுணங்கிய கோசெலெக்கின் தலையில் அடிக்க முக்காலியைத் தூக்கினார். தூக்கிய கை பாதியில் நின்றது. உன் மண்டையை உடைத்து என்ன ஆகப்போகிறது, இலட்சம் இலட்சமாக நச்சுவாயுவில் கொன்றவர்கள் அல்லவா நீங்கள் என்று சொல்லி, அவர் முக்காலியை மூலையில் எறிந்தார். கேட்ட செய்தி உண்மை என்பது அந்த நொடியில் தமக்கு உறுதியாயிற்று என்று, ஐம்பது ஆண்டுகள் கழித்து 1995இல் கோசெலெக் எழுதினார். சில அனுபவங்கள் எரிமலைக் குழம்பு போல உடலுக்குள் பாய்ந்து அங்கேயே உறைந்துவிடுகின்றன என்றும், அவற்றைப் பிறருக்கு அப்படியே கைமாற்ற முடியாது என்றும் அதில் சொன்னார். மனிதர் பட்டறிந்ததற்கும் எதிர்பார்த்திருந்ததற்கும் இடையே விழும் பிளவைத் தம் வாழ்நாள் ஆய்வுப்பொருளாக அவர் கொண்டதை, இந்த முக்காலியை மறந்துவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து.

கசகஸ்தானில் கரகண்டா முகாமில் அடைபட்டிருந்து, 1946இல் ஊர் திரும்பினார். மறு ஆண்டு, ஜெர்மானிய மாணவர்களுக்கு ஆங்கிலேயர் நடத்திய மறுகல்விப் பயிற்சி ஒன்றில் அவருக்குப் பாடம் எடுத்தவர்களுள் ஒருவர் எரிக் ஹாப்ஸ்பாம். நம் கல்லூரிகளில் இடதுசாரி நண்பர்கள் கொண்டாடும் அதே வரலாற்றாசிரியர் ஹாப்ஸ்பாம்தான். பிறகு ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1954இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆய்வேடு 1959இல் 'விமர்சனமும் நெருக்கடியும்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாயிற்று. மதப்போர்களை அடக்குவதற்காக முடியரசு மனசாட்சியை வீட்டுக்குள் அனுப்பியது. வீட்டுக்குள் வளர்ந்த அந்த மனசாட்சியே, ஆளும் பொறுப்பு எதையும் ஏற்காமல், அரசை ஒழுக்கத்தின் பெயரால் விசாரிக்கத் தொடங்கியது. அதன் முடிவே 1789இன் பிரெஞ்சுப் புரட்சி என்பது அந்நூலின் வாதம். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹாபர்மாஸ் இதைக் கடுமையாக விமர்சித்தார். நானும் இவ்வாதத்தை முழுவதும் ஏற்கவில்லை. அறிவொளிக் காலத்தின் மீது இவ்வளவு பழி சுமத்துவதற்கு அந்நூலில் உள்ள சான்று போதாது. நாஜி ஆட்சிக்குச் சட்ட நியாயம் எழுதியவரும், போருக்குப் பின் பல்கலைக்கழகப் பதவி மறுக்கப்பட்டவருமான கார்ல் ஷ்மிட்டுக்கு முன்னுரையில் அவர் நன்றி கூறியிருப்பதையும், அவருடன் பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு வைத்திருந்ததையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

என்னை முழுவதுமாக ஆட்கொண்டது அவருடைய இரண்டாவது பெரிய ஆய்வு. ஜெர்மனியில் முனைவர் பட்டம் மட்டும் பெற்றவர் பேராசிரியராகிவிட முடியாது. தகுதி ஆய்வேடு என்று இன்னொரு பெரிய ஏட்டை எழுதியாக வேண்டும். இடையில் சில காலம் பிரிஸ்டலில் ஆசிரியராக இருந்துவிட்டு ஹைடல்பர்குக்குத் திரும்பிய கோசெலெக், வரலாற்றாசிரியர் வெர்னர் கோன்ஸேயின் வழிகாட்டுதலில், 1791 முதல் 1848 வரையிலான, அக்கால ஜெர்மானிய முடியரசுகளுள் ஒன்றான பிரஷ்யாவின் சட்டத்தையும் நிர்வாகத்தையும் சமூக அசைவையும் பற்றி அவ்வேட்டை எழுதி 1965இல் அளித்தார். அலுவலகக் கோப்புகளோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்த அந்த உழைப்பில்தான் சொற்களைக் கேட்கும் காது அவருக்கு வாய்த்தது என்று நினைக்கிறேன். பிரஷ்ய அமைச்சர் ஹார்டன்பர்க் 1807இல் எழுதிய குறிப்பாணையின் ஒரே ஒரு வாக்கியத்தைப் பின்னாளில் எடுத்து, அதில் பிறப்பால் வரும் படிநிலையைக் குறிக்கும் பழைய சொல்லும், வர்க்கம் என்னும் புதுச்சொல்லும், அரசின் குடிமகன் என்னும் அதைவிடப் புதிய சொல்லும் அடுத்தடுத்து நிற்பதை அவர் காட்டுவார். ஒரு சொல் போய்க்கொண்டிருக்கும் உலகத்துக்கு உரியது. இன்னொன்று இனி வரவேண்டும் என்று அமைச்சர் விரும்பிய உலகத்துக்கு உரியது. இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு 'வகுப்பு' என்னும் நம் சொல் நினைவுக்கு வராமல் இராது. பள்ளிக்கூட அறையும் அதுவே, சாதிச் சான்றிதழில் உள்ளதும் அதுவே. பொருளாதாரப் பிரிவுக்கு மட்டும் 'வர்க்கம்' என்று தனியே ஒரு சொல்லை நாம் வைத்துக்கொண்டோம்.

அதே பிரஷ்யாவில் 1790இல் பிறந்தவர்தான் எங்கள் ஊர் மிஷனரி ரேனியஸ் ஐயர். 1814இல் சென்னைக்கு வந்து, 1820இல் பாளையங்கோட்டைக்கு மாறி, இன்று நாங்கள் ஊசிக்கோபுரம் என்று அழைக்கும் தேவாலயத்தை 1826இல் எழுப்பி, 1838இல் இங்கேயே மறைந்தார். சைவ சித்தாந்தத்தில் அஞ்ஞானம் என்பது உயிர்களுக்குப் பொதுவான அறியாமை. என்னுடையதாகவும் இருக்கலாம், உங்களுடையதாகவும் இருக்கலாம். அச்சொல்லை எடுத்து அண்டைவீட்டாரின் சமயத்துக்குப் பெயராக்கியது மிஷன் தமிழ். ஆச்சியின் வாய்க்கு அது வந்து சேர்ந்த வழியைத் தேடினால், கோசெலெக் ஆராய்ந்த ஐரோப்பியச் சொல்லிணையின் ஒரு கிளை நாங்குநேரி வரை நீண்டிருப்பது தெரிகிறது.

பிந்தைய பதவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1966இல் போஹும், 1968இல் மீண்டும் ஹைடல்பர்க், 1973இல் புதிதாகத் தோன்றியிருந்த பீலஃபெல்ட் பல்கலைக்கழகம். அங்கே 1988இல் ஓய்வு பெற்றார். சமூக வரலாற்றுக்குப் பெயர்பெற்ற அந்தப் பல்கலைக்கழகத்தில், வரலாற்றியலின் கோட்பாட்டைப் பயிற்றுவித்துக்கொண்டு அவர் சற்று ஒதுங்கியே இருந்தார். அந்த ஒதுக்கத்தில் நடந்ததுதான் பெரிய காரியம். ஓட்டோ புருன்னர், கோன்ஸே இருவரோடும் சேர்ந்து அவர் பதிப்பித்த, அரசியல் சமூக அடிப்படைக் கருத்துகளின் வரலாற்று அகராதியின் முதல் தொகுதி 1972இலும், ஏழாம் தொகுதி 1992இலும், சொல்லடைவு 1997இலும் வெளிவந்தன. புரட்சி, முன்னேற்றம், நெருக்கடி, வரலாறு என ஏறத்தாழ 120 சொற்கள் அதில் இடம்பெற்றன. சில கட்டுரைகள் தனி நூல் அளவுக்கு நீள்கின்றன. மற்ற இருவரும் இடையிலேயே இறந்துவிட, எஞ்சிய பணியைக் கோசெலெக் முடித்துவைத்தார்.

1750க்கும் 1850க்கும் இடைப்பட்ட நூறாண்டை அவர் சேணக் காலம் என்றார். இரு குன்றுகளுக்கு நடுவே தாழ்ந்து வளையும் மலைமுதுகுதான் உவமை. செங்கோட்டைக் கணவாயில் நின்று ஒருபுறம் மலையாளத்துப் பசுமையையும் மறுபுறம் நம் செம்மண்ணையும் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அந்த நூறாண்டில் ஐரோப்பியச் சொற்கள் பழைய பொருளைக் கைவிட்டு எதிர்காலத்தை நோக்கித் திரும்பின என்பது அவர் முடிவு. அதுவரை ஜெர்மன் மொழியில் இன்னதன் வரலாறு, இன்னாரின் வரலாறு என்று பலவாக இருந்த சொல், 1780ஐ ஒட்டி, எதனுடையது என்று சொல்லத் தேவையில்லாத தனி ஒருமையாயிற்று. தமிழிலும் தலவரலாறு உண்டு, குடிவரலாறு உண்டு. ஆனால் "வரலாறு மன்னிக்காது" என்று மேடையில் முழங்கும்போது, எதன் வரலாறு என்று எவரும் கேட்பதில்லை. நெல்லைச் சீமைக்கும் அதே காலம்தான் சேணம்: பூலித்தேவர், 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன், 1801இல் கம்பெனியின் நேரடி ஆட்சி, பின்னர் ரேனியஸ். ஆனால் நம் சொற்கள் திரும்பியது அப்போதா, இன்னும் நூறாண்டு கழித்தா என்பதை யாராவது உட்கார்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

கோசெலெக் 2006 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அவருடைய அகராதியின் முறையை வைத்துக்கொண்டு, எனக்கு எட்டிய அளவில் ஒரு சிறு வேலையை மேற்கொண்டிருக்கிறேன். 1908 மார்ச் 13 அன்று, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதை எதிர்த்துத் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன; நகராட்சி அலுவலகம் எரிந்தது; துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். ஆட்சியாளர் ஆவணங்கள் அதைக் கலகம் என்கின்றன. இன்று நாம் எழுச்சி என்கிறோம். முதற்சொல்லிலிருந்து இரண்டாம் சொல்லுக்கு நம் ஊர் எந்த ஆண்டில், எவர் பேச்சில், எந்த அச்சுத்தாளில் கடந்தது என்று தேடி, ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வருகிறேன். கலகத்துக்கு ஒன்பது பக்கம் நிரம்பிவிட்டது; எழுச்சிக்கு இரண்டு பக்கம்கூட வரவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் அக்காலத்துக் கடிதமோ நாட்குறிப்போ இருந்து, அதில் அந்த நாளை உங்கள் தாத்தாவோ பாட்டனாரோ எந்தச் சொல்லால் எழுதியிருக்கிறார் என்று பார்த்துச் சொன்னால், அந்த ஒரு சொல்லையும் எழுதப்பட்ட தேதியையும் நோட்டில் சேர்த்துக்கொள்வேன்.