பரிதியில் ஓடும் புள்ளி

எங்கள் கணித மாஸ்டர் கரும்பலகையில் வட்டம் கீறுவதற்கு நூலும் வெண்கட்டியும்தான் வைத்திருந்தார். ஒரே துண்டத்திலுள்ள கோணங்கள் சமன் என்று படிப்பித்த அன்று பரிதியில் ஒரு புள்ளி வைத்து, நாணின் இரண்டு முனைகளோடும் இணைத்து, அழித்து, கொஞ்சம் தள்ளி இன்னொன்று வைத்து, அதையும் அழித்து, "புள்ளி ஓடுது எண்டு நினையுங்கோ பிள்ளையள், கோணம் மாறுதோ?" என்று கேட்டார். பாகைமானியால் அளந்த பிறகுதான் நான் நம்பினேன்.

வேலையில் நான் பாவிப்பது மத்தமற்றிக்கா. 1988 இல் வந்த கணித மென்பொருள், ஆனால் மனிப்யுலேட் என்ற கட்டளையும், மாறி மாற மாறப் படத்தையும் புதுப்பிக்கும் டைனமிக் என்ற கட்டளையும் 2007 இல் ஆறாம் பதிப்போடுதான் வந்தன. மனிப்யுலேட் என்று ஒரு வரி எழுதினால் வரைபுக்கு மேலே ஸ்லைடர் தானாக வந்துவிடும். நல்ல வசதி. ஆனால் எனக்கு மாஸ்டரின் அந்தப் புள்ளியையே பிடித்து இழுக்கவேண்டும்.

மத்தமற்றிக்காவின் மொழியில் எனக்குப் பிடித்ததே இந்த இடம்தான்: x+y எப்படி ஒரு கோவையோ அப்படியே படமும் கோவை, பொத்தானும் கோவை. அட்டவணைக்குள் எண்ணை வைப்பது போலப் பொத்தானையும் வைக்கலாம், சார்பு எழுதி நூறு பொத்தான்களை உருவாக்கலாம்.

முதலில் எழுதியதில் புள்ளி வட்டத்தை விட்டு மவுஸ் போன பக்கமெல்லாம் போனது. அப்புறம்தான் டைனமிக்குக்கு இரண்டாவதாக ஒரு சார்பு கொடுக்கலாம் என்று பிடிபட்டது. மவுஸ் காட்டும் இடத்தை அந்தச் சார்பு வாங்கி, எதை ஏற்பது என்று முடிவு செய்யும். ஆரை ஒன்று, மையம் உற்பத்தி (0,0) என்றால், அங்கிருந்து மவுஸுக்குப் போகும் காவியை (வெக்டரை) அதன் நீளத்தால் பிரித்தால் போதும், புள்ளி பரிதியிலேயே நிற்கும். சரி, முடிந்தது என்று படத்தைப் பிரதி எடுத்தேன், ஒன்றை இழுக்க மற்றதும் சேர்ந்து ஓடியது! இரண்டுக்கும் ஒரே மாறி. டைனமிக்மொடியூல் என்பதற்குள் வைத்த பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் சொந்த மாறி கிடைத்தது, கோப்பை மூடித் திறந்தாலும் புள்ளி விட்ட இடத்திலேயே இருந்தது.

மகளிடம் கொடுத்தேன். இழுத்துக்கொண்டே போனாள், 40 பாகை அசையவில்லை. நாணின் முனையைத் தாண்டியதும் 140. திரும்ப இந்தப் பக்கம் இழுத்தாள், 40. "அப்பா, கூட்டினா 180!" என்றாள். மாஸ்டர் இதை அடுத்த பாடத்தில்தான் படிப்பித்தார்.