நீராவியை மூடச் சொன்ன நாள்

மாசுபட்ட நிலத்தை நீராவியால் சுத்தம் செய்யும் அந்தத் தளத்தில் எனக்கு முதலில் கிடைத்தது, மண்ணுக்குள் இருக்கும் வெப்பநிலை உணரிகளான தெர்மோகப்பிள்களின் அளவுகளைக் குறிக்கும் வேலை. மண்ணுக்கடியில் ட்ரைகுளோரோஎத்திலீன். உலோகப் பாகங்களில் கிரீஸ் போக்கப் பயன்படுத்திய கரைப்பான், வருடக்கணக்கில் சிந்தி உள்ளே இறங்கியிருந்தது. தண்ணீரைவிடக் கனமானது, அதனால் நீர்மட்டத்தோடு நிற்காமல் இன்னும் கீழே போய்க் களிமண்மேல் தேங்கிவிடும். வெறுமனே தண்ணீரை இறைத்தால் துளித்துளியாகத்தான் கரைந்து வரும்.

நீராவி செலுத்தினால் கதை வேறு. இந்தக் கரைப்பான் தனியாக 87 டிகிரியில் கொதிக்கும். தண்ணீரோடு சேர்ந்திருந்தால் 73 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகத் தொடங்கும். அந்த ஆவியை வேக்கம் பம்ப் உறிஞ்சி எடுக்கும். நாள்கணக்கில் அசையாமல் கிடந்த எண், மணல் அடுக்கில் நீராவி வந்து சேர்ந்ததும் ஒரே ராத்திரியில் 100-ஐத் தொட்டு நிற்கும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சின்னப்பிள்ளை சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அழுத்தத்தைக் கூட்டலாமா என்று கேட்டேன். "நிலம் பிளந்துடும் தம்பி" என்றார் மூத்த பொறியாளர். மேலிருக்கும் மண்ணின் பாரத்தை மீறினால் விரிசல் விடும், நீராவி அதன் வழியே மேலே ஓடிவிடும்.

சரி, எல்லா அளவும் 100-க்கு வந்தாயிற்று. அப்போது அவர், "நீராவியை மூடு, வேக்கம் பம்ப் மட்டும் ஓடட்டும்" என்றார். எரிபொருள் செலவை மிச்சம் பிடிக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டே வால்வைத் திருகினேன்.

கொஞ்ச நேரத்தில் உறிஞ்சி வந்த தண்ணீரையும் கரைப்பானையும் பிரிக்கும் பிரிகலனின் கண்ணாடிக்குழாயில் தண்ணீருக்கடியில் தேநீர் நிறத்தில் ஒரு அடுக்கு தடிக்க ஆரம்பித்தது. சுத்தமான கரைப்பானுக்கு நிறமே கிடையாது, அது பழைய கிரீஸின் சாயம். நீராவி ஓடியபோதுகூட அவ்வளவு வந்ததில்லை. அழுத்தம் குறைந்ததும் மண்துளைகளில் தங்கியிருந்த சுடுநீர் தானாகவே கொதித்து, ஒளிந்திருந்ததையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்திலேயே கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில், பெட்ரோல் கசிவு ஒன்றில் நீராவியை இடைவெளி விட்டு விட்டுச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். நான் அதை அப்புறம்தான் படித்தேன்.

அதன்பின் பல சுற்றுகள் அப்படியே: திற, சூடேற்று, மூடு, உறிஞ்சு. ஒவ்வொரு முறையும் அடுக்கு மெலிந்துகொண்டே வந்தது.

களிமண்ணுக்குள் இருந்த ஒரே ஒரு தெர்மோகப்பிள் மட்டும் கடைசிவரை 61-ஐத் தாண்டவில்லை. நீராவி அதற்குள் நுழையாது. அந்த இடத்துக்கு மின்முனைகள் இறக்கிச் சூடேற்ற வேண்டும் என்று அறிக்கையில் எழுதிவிட்டு, மறுநாள் காலையும் பழக்கதோஷத்தில் அந்த எண்ணைத்தான் முதலில் பார்த்தேன்.