மலைக்காட்டு நடுவில் சரஸ்வதி: டென்காவா போய் வந்தேன்

ஜப்பானில் பென்சைட்டென் என்று கும்பிடுவது நம்ம சரஸ்வதியைத்தான். இந்தியாவிலிருந்து சீனா வழியாகப் பௌத்தத்தோடு போனவள், கையில் வீணைக்குப் பதில் பீவா என்ற ஜப்பானிய நரம்பு வாத்தியம். ஏரிக்கரை, கடலோரம், தீவு என்று பெரும்பாலும் தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் அவளுக்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள். டென்காவா கிராமத்திலோ மலைக்காட்டு நடுவில் இருக்கிறாள். ஏன் அங்கே என்பது ஊரைப் பார்த்தால் புரிந்துவிடும்.

நாரா மாநிலத்தின் தெற்கே, ஷிமோஇச்சிகுச்சி ரயில் நிலையத்தில் இறங்கி ஒரு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். 175 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் இருக்கிறார்கள், மிச்சமெல்லாம் காடு. கிழக்கே ஓமினே மலைத்தொடர், அதில் 1,895 மீட்டர் உயர மிசென் சிகரத்தின் உச்சியிலும் இதே கோயிலின் ஒரு சன்னதி உண்டு. அந்த மலைகளில் இறங்கும் தண்ணீர் கவாய் என்ற இடத்தில் ஒன்றுகூடி டென்னோகாவா ஆறாகி, கோயில் பக்கமாக ஓடி, கீழே போகப் போகப் பெயர் மாறி, குமானோ ஆறாகக் கடலில் சேர்கிறது. ரிக் வேதத்திலேயே நதியாக இருப்பவள் ஆற்றின் தலைமாட்டில்தானே இருப்பாள்!

படியேறிப் போனால் சன்னதிக்கு நேர் எதிரே நோ என்ற ஜப்பானிய முகமூடி நாடகத்துக்கான மேடை. ஆடுகிறவர் அம்பாளைப் பார்த்து ஆடுகிறார், நாம் பக்கவாட்டில்தான். நோ கலையின் பெரிய ஆசான் ஸெயாமியின் மகன் மோட்டோமாசா, நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனின் ஆதரவு போய் ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில், 1430இல் இங்கே வந்து ஆடி, ஒரு கிழவர் முகமூடியைக் காணிக்கையாகக் கொடுத்திருக்கிறார். மனசில் உள்ள வேண்டுதல் நிறைவேற வேண்டும் என்று அதன் பின்பக்கம் எழுதியிருக்கிறது. இரண்டே வருஷத்தில் அவர் இறந்துபோனார். அந்த மேடை முன்னால் நின்றபோது எனக்கு அவர் நினைப்புதான், வேறெதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

சன்னதி முன்னால் தொங்கும் மணி வித்தியாசமானது, மூன்று உருண்டைகளை முக்கோணமாக ஒட்டவைத்தது, இசுசு என்கிறார்கள். கயிற்றைப் பிடித்து இழுத்தால் ஒலிக்காது, வட்டமாகச் சுழற்ற வேண்டும். மணி ஒலித்ததும் வாய் தானாக 'யா குந்தேந்து' என்று சரஸ்வதி ஸ்லோகத்தை ஆரம்பித்துவிட்டது. 1868இல் மெய்ஜி பேரரசரின் அரசு ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரித்த பிறகு, ஏட்டில் இங்கே இருப்பவள் இச்சிகிஷிமாஹிமே என்ற ஷிண்டோ தேவி. கும்பிட வருகிறவர்களுக்கு இன்றும் பென்டென்-சான்தான், பென்சைட்டெனைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அப்புறம் இதே கிராமத்தின் டோரோகாவா. ஓமினே மலையேறும் துறவிகள் தங்கும் ஊர். விடுதிகளில் தெருவைப் பார்த்த நீளத் திண்ணை, கூட்டமாக வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து காலணியைக் கழற்றி அப்படியே உள்ளே போகலாம். தாராணிசுகே என்று கறுப்பு மாத்திரை கடைக்குக் கடை விற்கிறார்கள், வயிற்று மருந்து, மரப்பட்டையில் செய்வது, நிலவேம்பு மாதிரி அப்படியொரு கசப்பு.

இங்கிருந்து ஏறும் 1,719 மீட்டர் சன்ஜோகாதாகே சிகரத்துக்குப் பெண்கள் போகக் கூடாது. 2004இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகும் அப்படித்தான். தடையை எழுதிய வாயில்வரை போய், அங்கிருந்தே கும்பிட்டுத் திரும்பினேன். வருத்தம்தான், மறைக்க மாட்டேன். அடிவாரத்தில் ஒரு பெண்தெய்வத்தை வைத்துக்கொண்டு மேலே பெண்ணுக்கு வழியில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பக்கத்து இனாமுராகாதாகேவில் பெண்களும் ஏறலாம், அது ஏழு மீட்டர் உயரம் அதிகம்கூட.

போக நினைப்பவர்கள் ஜூலை 16, 17 பார்த்துப் போங்கள். கோயில் திருவிழா, அம்பாள் முன்னால் நோ ஆடுவார்கள்.