மேசையில் சிறு கணினி, அலமாரியில் சேமிப்பகம்

மேசைக் கணினி பழுதானபோது அதற்குப் பதிலாக மேக் மினி ஒன்றை வாங்கினேன். 2024-இல் வெளிவந்த, எம்4 சிப் கொண்ட வகை அது. ஒரு பக்கம் 12.7 செ.மீ., உயரம் 5 செ.மீ., அவ்வளவே. அடிப்படை மாதிரியின் உள் சேமிப்பு 256 ஜிபி. அதை 512 ஜிபியாக உயர்த்த, நான் வாங்கியபோது இந்தியாவில் 20,000 ரூபாய் கூடுதலாக ஆனது. எங்கள் குடும்பத்தின் புகைப்படங்கள், காணொளிகள், அப்பா எடுத்த நெகட்டிவ்களை நான் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் கோப்புகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 1 டிபி இருப்பதால், அந்தப் பணத்தைச் செலவழித்தாலும் இடம் போதாது. ஆகவே வீட்டு நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்க உதவும், இரண்டு ஹார்ட் டிஸ்குகள் பொருத்தும் நாஸ் (NAS) பெட்டி ஒன்றை வாங்கி, ரவுட்டர் இருக்கும் கூடத்து அலமாரியில் வைத்தேன்.

முதல் நாளே ஏமாற்றம். கோப்புகளை நகலெடுக்கத் தொடங்கியபோது வேகம் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டவில்லை. அந்தக் கணக்கில் 1 டிபி போய்ச்சேர ஒரு நாளுக்கும் மேல் ஆகும். டிஸ்கில்தான் குறை என்று முதலில் நினைத்தேன். பிறகு கணினியின் நெட்வொர்க் அமைப்புகளைத் திறந்து பார்த்தால், இணைப்பு வேகம் 1000 மெகாபிட் என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், அது நொடிக்குச் சுமார் 12 எம்பிதான். ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 100 மெகாபிட் வேகத்துக்கு அவற்றில் நான்கு போதும். கிகாபிட்டுக்கு, அதாவது 1000 மெகாபிட்டுக்கு, எட்டும் வேண்டும். சுவர் வழியாக இழுத்த கேபிளின் நுனியில் ஒரு கம்பி சரியாகப் பதியாததால், இரு கருவிகளும் தாமாகவே குறைந்த வேகத்துக்கு இறங்கிவிட்டிருந்தன. நுனியை வெட்டிப் புதிய இணைப்பியை அழுத்திப் பொருத்தியதும் (கிரிம்ப்) வேகம் நொடிக்கு 110 எம்பிக்கு உயர்ந்தது. முழுவதும் நகலாக ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்தான் ஆனது. வேகம் 11-லேயே முட்டி நிற்பதைக் கண்டால், வேறு எதையும் மாற்றுவதற்கு முன் கேபிளைச் சோதித்துவிடுங்கள் என்று இதே நிலையில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம் தாராளமாகக் கிடைத்தவுடன் எல்லாவற்றையும் நாஸுக்கு மாற்றிவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது, ஆனால் அது சரியல்ல. ஃபோட்டோஸ் செயலியின் நூலகம் வெளியிலிருந்து ஒரே கோப்பைப் போலத் தெரிந்தாலும், உள்ளே ஒரு தரவுத்தளமும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளும் இருக்கின்றன. செயலி அதில் இடைவிடாமல் சிறுசிறு மாற்றங்களை எழுதிக்கொண்டே இருக்கும். நடுவில் இணைப்பு ஒரு கணம் அறுந்தால் தரவுத்தளம் சிதையக்கூடும். நெட்வொர்க்கில் பகிரப்படும் டிஸ்கில் அந்த நூலகத்தை வைக்க வேண்டாம் என்று ஆப்பிளே அறிவுறுத்துகிறது. எனவே நடப்பு ஆண்டின் படங்களும் திருத்திக்கொண்டிருக்கும் காணொளிகளும் கணினிக்குள் இருக்கின்றன. வேலை முடிந்து இனி மாறாதவை, ஆண்டுவாரியான கோப்புறைகளில் நாஸுக்குப் போகின்றன. மேக்கிலேயே உள்ள டைம் மெஷின் என்ற வசதி எடுக்கும் கணினியின் பேக்கப்பும் அங்கேதான். இடம் தீரும்வரை எழுதிக்கொண்டே போவது அதன் இயல்பு என்பதால், 500 ஜிபி என்று அதற்கு வரம்பு வைத்திருக்கிறேன்.

நாஸின் இரண்டு டிஸ்குகளும், ஒரே கோப்பை இரண்டிலும் எழுதும் ரெய்டு 1 முறையில் ஒன்றுக்கொன்று கண்ணாடிபோல இயங்குகின்றன. ஒன்று பழுதானால் மற்றொன்று காப்பாற்றும். ஆனால் நம் கைத்தவறிலிருந்து ரெய்டு காப்பாற்றாது. என் மகள் பிறந்த ஆண்டின் கோப்புறையை ஒருநாள் தவறுதலாக அழித்தபோது, அது இரண்டு டிஸ்குகளிலிருந்தும் அதே நொடியில் மறைந்தது. பழைய வெளி டிஸ்கை இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததால்தான் அந்தப் படங்கள் மீண்டன. ரெய்டை பேக்கப் என்று எண்ணுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை அன்றைய கலக்கத்தில் புரிந்துகொண்டேன். அன்றிரவே நாஸில் தினசரி ஸ்னாப்ஷாட் வசதியை இயக்கினேன்; கோப்புகள் அன்றன்று இருந்த நிலையைப் பதிந்து வைத்து, அழிந்தவற்றை மீட்க அது உதவும்.

மின்வெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் அந்தச் சிறு இடைவெளியிலேயே எங்கள் நாஸ் அணைந்து எழுந்தது. எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்குக்கு அது நல்லதல்ல. யுஎஸ்பி வழியாகத் தகவல் அனுப்பும் சிறிய யுபிஎஸ் ஒன்றை இணைத்தபின், மின்சாரம் நீடித்துத் தடைபட்டால் பெட்டி தானே முறையாக அணைந்துகொள்கிறது.

பாதுகாப்பையும் கவனிக்க வேண்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் 2017 மே மாதத்தில் பரவியது, நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர உதவும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பில், விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஆகவே நாஸில் அந்தப் பதிப்பை அணைத்துவிட்டேன். வெளியிலிருந்து நாஸை அடைய ரவுட்டரில் எந்த வழியும் திறக்கவில்லை.

மூன்றாவது நகல் ஒரு வெளி டிஸ்கில், மதுரையில் தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது புதிய நகல் உள்ள டிஸ்கைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருகிறேன். கொடுப்பதற்கு முன் அதிலிருந்து பத்துப் படங்களையாவது திறந்து பார்ப்பேன். சென்ற முறை திறந்தவற்றில் ஒன்று, அப்பா தன் கேமராவைத் தோளில் மாட்டியபடி வைகைப் பாலத்தில் நிற்கும் படம்.