பேக்கரியில் கயிறு எங்கிருந்து வந்தது?

சனிக்கிழமை பின்னேரம் என்றால் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் எட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். எல்லாரும் ஓ எல் (சாதாரண தரப்) பரீட்சை எழுதப்போகிறவர்கள். காசு வாங்குவதில்லை. இங்கிலிஷில் ஒரு பந்தியை வாசித்து விடை எழுதுவதை மட்டும் பழகுகிறோம். அதிலும் பாதி நேரம் ஒரே கேள்வியில் போய்விடும்: இந்தச் சொற்றொடரின் கருத்து என்ன?

போன மாதம் கொடுத்த பந்தி ஒரு பேக்கரியைப் பற்றியது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் முதல் கிழமையே பாணைக் கருக்கிவிடுகிறான். முதலாளி ஏசுகிறார். மூன்றாம் மாதம் அவன் 'லேர்ண்ட் த ரோப்ஸ்' என்று வருகிறது. அதற்குப் பிறகு முதலாளி கடையை அவனிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போய்வருகிறார். பாலமீன்மடுவிலிருந்து வரும் ஒரு தம்பி, "கயிறு கட்டப் பழகினான்" என்ற விடைக்குக் கோடு போட்டிருந்தார்.

"பேக்கரியில் கயிறு எங்கிருந்து தம்பி வந்தது?"

"மா மூட்டை கட்டத்தானே ரீச்சர்."

பந்தியில் மூட்டையே இல்லை. தன் விடை நிற்கவேண்டும் என்பதற்காக ஒரு மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டார். கெட்டிக்காரப் பிள்ளைகளிடம்தான் இந்தப் பிழையை அதிகம் காண்கிறேன். சொல் தெரியாமல் வருகிற பிழை அல்ல இது. 'ரோப்' அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த சொல்லைக் கண்டதும் மனம் அதிலேயே நின்றுவிட்டது, முன்னும் பின்னும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி வருகிறேன்: உங்கள் விடை பொருந்துவதற்குப் பந்தியில் இல்லாத ஒரு சாமானை நீங்கள் கொண்டுவர வேண்டியிருந்தால், அந்த விடையை விட்டுவிடுங்கள்.

சரி, திரும்ப வாசித்தோம். அந்தச் சொற்றொடரைப் பெருவிரலால் மறைக்கச் சொன்னேன். முன்னால் பாண் கருகுகிறது. பின்னால் முதலாளி நம்பிக் கடையை விட்டுப் போகிறார். நடுவில் மூன்று மாதம். விரலுக்கு அடியில் என்ன இருந்தால் கதை ஓடும்? "வேலை பழகிட்டான்" என்று நாலைந்து குரல் ஒன்றாக வந்தது. அதைத் தமிழிலேயே பென்சிலால் எழுதிவிட்டு, பிறகுதான் நாலு விடைகளையும் பார்க்க வேண்டும். முதலில் விடைகளைப் பார்த்தால் அவை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். சொல்லுக்குச் சொல் கருத்துத் தருகிற விடை ஒன்று அங்கே அநேகமாகக் காத்திருக்கும்.

அந்தத் தம்பியின் முகம் வாடியிருந்ததால் கயிற்றின் கதையையும் சொன்னேன். பாய்க்கப்பல் காலத்தில் புதிதாக வந்த மாலுமி, எந்தக் கயிறு எந்தப் பாயை இழுக்கும் என்று பழக வேண்டும். அந்தச் சொற்றொடர் அங்கிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். அடுத்த கிழமை வந்து, "வாப்பாட்டச் சொன்னன் ரீச்சர். அவரும் முதல் வருசம் தோணியில கயிறுதான் பிடிச்சவராம்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நான் படித்த காலத்தில் எங்களுக்கு ஒருவர் இருநூறு சொற்றொடர்களைத் தந்து பாடமாக்கச் சொன்னார். சீஆர் கொப்பி நிறைய எழுதி, இரவிரவாகப் பாடமாக்கினேன். 'மேக் அப்' என்றால் சண்டைக்குப் பிறகு ராசியாவது. தவணைப் பரீட்சையில் அதே சொற்றொடர் வந்தபோது எவ்வளவு சந்தோசப்பட்டேன்! ஆனால் அந்தப் பந்தி, ஒரு தொழிற்சாலையின் வேலையாட்களில் பாதிப்பேர் பெண்கள் என்று சொன்னது. அங்கே 'மேக் அப்' என்பது அந்தப் பாதியாக இருப்பது. நானோ, பெண்கள் ராசியானார்கள் என்று எழுதிவிட்டு வந்தேன். கொப்பியில் ஒன்றுக்கு நேரே ஒரு கருத்துத்தான் இருந்தது. பாடமாக்குவது வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அந்தக் கருத்து இந்த இடத்தில் பொருந்துகிறதா என்று வைத்துப் பார்க்கவும் பழக்க வேண்டும்.

தமிழில் இதை எல்லாருமே செய்கிறோம். "இந்தப் பெரும்போகம் வெள்ளாமை கைகொடுக்கல்ல" என்றால் எந்தப் பிள்ளையும் வெள்ளாமைக்குக் கை எங்கே என்று தேடாது. கொழும்பிலிருந்து வந்த என் சொந்தக்காரப் பிள்ளை, வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரை என்ற பெயரைக் கேட்டுவிட்டு, "அங்கே எல்லாரும் படுத்திருப்பார்களா மாமி?" என்று கேட்டது. பின்னேரம் வாவிக்கரைக்குக் கூட்டிப்போனேன். அக்கரையில் பொழுது பட்டுக்கொண்டிருந்தது. "அப்ப நாம எழுவான்கரையா?" என்றது, நான் ஒன்றும் விளக்காமலே. அந்தப் பெயரைப் பிரித்தால் கருத்துக் கிடைக்கிறது, 'ரோப்ஸ்' பிரித்தால் கிடைப்பதில்லை. எது எப்படி என்று சொற்றொடரை மட்டும் உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சுற்றியிருப்பதுதான் சொல்லும்.

வெளிநாடு போக ஐஈஎல்ரிஎஸ் என்ற இங்கிலிஷ் பரீட்சை எழுதுகிறவர்களும் சில வேளை வந்து கேட்பார்கள். அங்கே வாசிப்புப் பகுதிக்கு 60 நிமிடம், 40 கேள்வி. நேரம்தான் நெருக்கும், வழி இதேதான்.

போன சனிக்கிழமை பந்தி ஒரு மலைப்பயணம். அது 'பை நோ மீன்ஸ்' லேசு என்று ஒரு வசனம். அதற்கடுத்த வசனத்தில் இரண்டு பேர் சுகமில்லாமல் பாதியில் திரும்புகிறார்கள். "ஒரு வழியும் இல்லை" என்ற விடை முதலாவதாக இருந்தது. பாலமீன்மடுத் தம்பி பெருவிரலை வைத்து மறைத்தார். கனநேரம் இருந்தார். பிறகு மேலே பென்சிலால், "கொஞ்சமும் இல்ல" என்று எழுதிவிட்டு, விரலை எடுத்து, மூன்றாவது விடைக்குக் கோடு போட்டார்.