இரை என்னுடையது

போர்னியோவுக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் உராங்குட்டானைப் பற்றித்தான் கேட்டார்கள். மூன்று மாதத்தில் இரண்டு தடவை பார்த்தேன். அதுவும் உச்சாணிக் கிளையில் செம்பட்டை மூட்டை ஒன்று அசைந்தது, அவ்வளவுதான். நான் நாள் தவறாமல் பார்த்தது பீவண்டை. முதுகலை ஆய்வுக்கு எனக்குக் கிடைத்தது அதுதான்.

இடம் மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கும் டானும் பள்ளத்தாக்கு. லஹாட் டத்துவிலிருந்து ஜீப்பில் கிளம்பினால் முதலில் பாமாயில் தோட்டங்கள். அங்குள்ள தமிழர்கள் செம்பனை என்கிறார்கள். அப்புறம் சரளை ரோடு, மரம் வெட்டிவிட்டுப் போன காடு. கடைசியில்தான் 438 சதுர கிலோமீட்டர் பாதுகாக்கப்பட்ட காடு வருகிறது. 2019-ல் ஒருவர் உச்சிவரை ஏறி நாடா பிடித்து 100.8 மீட்டர் என்று அளந்த மெராந்தி மரம் நிற்பது இங்கேதான்.

வண்டுப் பொறி செய்வது சுலபம். பிளாஸ்டிக் கப்பை விளிம்பு வரை மண்ணில் புதைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, மேலே குச்சியில் ஒரு துணிப்பொட்டலத்தைத் தொங்கவிட வேண்டும். மழைக்கு ஒரு தட்டு. பொட்டலத்துக்குள் என்ன என்பதுதான் விஷயம். மாட்டுச் சாணத்துக்கு அங்கே அவ்வளவு மவுசு கிடையாது. எல்லாம் தின்கிற பிராணியுடையதுதான் வேண்டும். அதாவது நம்முடையது.

பொறிக்கு 25 கிராம், 20 பொறி. அரைக் கிலோவுக்கு ஒரு ஆளால் எங்கே போவது? ஆய்வு நிலையத்தில் இருந்தவர்களிடம் நன்கொடை கேட்டேன். முதல் வாரம் கூசியது, அப்புறம் பழகிவிட்டது. கூட வந்த உதவியாளரை அபாங் என்று கூப்பிடுவேன், மலாயில் அண்ணன். அவர் தினமும் காலையில், சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல, "இன்றைக்கு எவ்வளவு?" என்று கேட்பார்.

இதற்கு நடுவில் அட்டைகள். வால்பாறைப் பக்கம் அலைந்தவள், எனக்கா அட்டை என்று நினைத்தேன். தரையில் இருக்கும் பழுப்பு அட்டை கடிப்பதே தெரியாது. இடுப்பு உயர இலையில் காத்திருக்கும் வரி அட்டை அப்படியில்லை, சுருக்கென்று எரியும்.

இந்த வண்டுகள் மலத்தை மண்ணுக்குள் இழுக்கும்போது குரங்கு தின்ற பழத்தின் விதையும் கூடவே புதைகிறது. காட்டுக்கு நடவு வேலை. இரண்டு முறை வெட்டிய காட்டில்கூட முக்கால்வாசிக்கு மேல் பறவை, வண்டு இனங்கள் மிஞ்சியிருப்பதாக 2011-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. வெட்டிய காடுதானே, பாமாயில் போட்டால் என்ன என்பவர்களை ஒரு நாள் என்னோடு கப் தூக்க வைக்க வேண்டும். வெட்டிய காட்டுக் கப்பில் கட்டைவிரல் பருமனுள்ள வண்டு கிடந்தது. தோட்டத்துக் கப்பில் பெரும்பாலும் எறும்பும் சோப்புத் தண்ணீரும்தான்.

சிக்னல் கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ஏங்கண்ணு, நம்ம கட்டுத்தரையில இல்லாத வண்டா? இதுக்கா கடல் தாண்டிப் போன?"

லீவுக்கு உடுமலை வந்ததும் கட்டுத்தரைக்குப் பின்னால் ஒரு கப்பைப் புதைத்தேன். விடிந்து பார்த்தால் பதினோரு வண்டு. அம்மாவே எண்ணினாள். மாட்டுச் சாணிக்கா இத்தனை என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.