தலைமை, முன்னிலை, வரவேற்புரை

"நீங்கள் தலைமை தாங்கிய ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்" என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனை ஒன்றில் பேண்ட் 6 (இங்கே சம்பளப் படிநிலையின் பெயர் பேண்ட்) பிசியோதெரபிஸ்ட் வேலை. எதிரே மூன்று பேர். நடுவில் இருந்தவர் பேனாவைத் திறந்துகொண்டு சிரித்த முகமாகக் காத்திருந்தார். கேள்வி ஆங்கிலத்தில்தான் வந்தது. என் மண்டைக்குள் மட்டும் அது எங்கள் பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழாக விரிந்தது. தலைமை: இன்னார். முன்னிலை: இன்னார். வரவேற்புரை: இன்னார். தலைமை என்றால் மேடையில் நடு நாற்காலி, தோளில் பொன்னாடை, "நேரமின்மை கருதி" என்று தொடங்கி முக்கால் மணி நேரம். நான் எங்கே போய்த் தலைமை தாங்கினேன்?

"என் சீனியர்கள் சொன்னதை ஒரு நாளும் தட்டியதில்லை" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். பேனா நகரவே இல்லை. வேலையும் கிடைக்கவில்லை.

2015-இல் கணவரின் சாஃப்ட்வேர் வேலையை ஒட்டி ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் பக்கம் வந்து சேர்ந்தோம். அதற்கு முன் திருச்சியில் நான்கு வருடம் வேலை பார்த்திருந்தேன். இங்கே பிசியோதெரபிஸ்ட் என்று பெயர் போட்டுக்கொள்ளவே ஹெல்த் அண்ட் கேர் புரொஃபஷன்ஸ் கவுன்சிலில் பதிவு வேண்டும். அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் 7, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையக் கூடாது. அது கூடப் பரவாயில்லை. நாலரை வருடப் படிப்பில் எந்தப் பாடம் எத்தனை மணி நேரம் என்று கல்லூரி முத்திரையோடு காட்ட வேண்டியிருந்தது. அந்த ஒரு கையெழுத்துக்காக அப்பா நான்கு தடவை பஸ் ஏறினார். மூன்று தடவை கிளார்க் லீவு.

பதிவு வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று அசிஸ்டென்ட் வேலைக்குப் போனேன். 2004-இல் கொண்டுவந்த சம்பள முறைப்படி இங்கே அரசு மருத்துவமனைகளில் டாக்டர்களும் பல் டாக்டர்களும் மிக உயர்ந்த நிர்வாகிகளும் தவிர எல்லோருக்கும் பேண்ட் எண் உண்டு. புதிதாகப் படித்து வந்த பிசியோ பேண்ட் 5. அசிஸ்டென்ட் பேண்ட் 3. ஊரில் எனக்குக் கீழே இருவர் வேலை பார்த்தார்கள். இங்கே நான் வாக்கர் துடைத்தேன், நாற்காலி தள்ளினேன். தாத்தா பாட்டிகள் எல்லோரும் என்னை "மீ டக்" என்று கூப்பிட்டார்கள். வாத்து என்று கேலி செய்கிறார்களோ என்று முதல் வாரம் முகம் சுருங்கியது. அப்புறம்தான் தெரிந்தது, அது இந்த வட்டாரத்தின் "கண்ணு".

ஒரு வருடத்தில் பதிவு வந்தது, பேண்ட் 5 ஆனேன். வேலை தெரிந்த வேலைதான். முழங்கால் இங்கேயும் அதே திசையில்தான் மடங்குகிறது. தெரியாதது வேறு. திருச்சியில் டாக்டரின் சீட்டு வரும்: ஐஎஃப்டி (வலிக்கான மின் சிகிச்சை) 10 நிமிடம், குவாட்ஸ் (முன்தொடைத் தசை) எக்ஸர்சைஸ். அதில் உள்ளதைச் செய்வோம். சீட்டு தப்பு என்று தோன்றினால் நமக்குள் முணுமுணுத்துக்கொண்டு அதையே செய்வோம். இங்கே சீட்டே கிடையாது. "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். இந்த உரிமை இவர்களுக்கும் சும்மா வந்துவிடவில்லை. 1894-இல் லண்டனில், மசாஜ் தொழிலுக்கு ஏற்பட்டிருந்த கெட்ட பெயரைத் துடைக்க நான்கு நர்ஸ்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைய பிசியோதெரபி சங்கத்தின் வேர் அதுதான். டாக்டர் சொல்லாமல் யாருக்கும் மசாஜ் செய்யக் கூடாது என்பது அவர்களே போட்டுக்கொண்ட விதி. அதிலிருந்து விடுபட்டு, நோயாளியைத் தாங்களே பார்த்து முடிவெடுக்கும் நிலைக்கு வர 1970களின் கடைசி ஆயிற்று. கூடுதல் பயிற்சி பெற்ற பிசியோ மருந்தே எழுதலாம் என்று 2013-இல் சட்டம் மாறியது. ஒரு தொழில் எண்பது வருடத்தில் நடந்து கடந்த தூரத்தை நான் ஒரு விமானப் பயணத்தில் தாண்டியிருந்தேன். கால் வந்து சேர்ந்துவிட்டது, வாய் இன்னும் திருச்சியிலேயே இருந்தது.

அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, ஒரு பெரியவர் கொடுத்தார். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். அப்படிப்பட்டவரை மறுநாளே எழுப்பி நிற்க வைக்க வேண்டும் என்பது இங்கே வழிகாட்டு விதி. நிற்க வைத்தேன், நடக்க வைத்தேன். அவர் வீட்டில் பதின்மூன்று படிகள். படுக்கையறையும் கழிவறையும் மாடியில். பயிற்சிப் படியில் அவர் ஏறியது நான்கு. காலையில் வெள்ளைப் பலகை முன்னால் நின்று ஒவ்வொரு நோயாளியாகப் பேசுவார்கள், போர்டு ரவுண்ட் என்று பெயர். கன்சல்டன்ட், அதாவது மூத்த சிறப்பு டாக்டர், பலகையைப் பார்த்தபடி, "இவர் இன்று வீட்டுக்குப் போகலாம், எல்லோருக்கும் சரிதானே?" என்றார். நான் என் ஷூவைப் பார்த்தேன். நல்ல ஷூ.

வெள்ளிக்கிழமை போனவர் திங்கட்கிழமை எமர்ஜென்சிக்குத் திரும்பி வந்தார். படியில் சரிந்திருந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை, ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. இன்னும் மூன்று வாரம் வார்டிலேயே கிடந்தார். என் டீம் லீட் என்னைத் தனியே உட்கார வைத்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன்.

"படி ஏற முடியாது என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லவில்லை?"

"டாக்டரே சொல்லிவிட்டார்…"

"அவர் எலும்பைப் பார்த்தார். படியைப் பார்த்தது நீங்கள் மட்டும்தான்."

திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அவர்தான் எனக்கு இரண்டு விஷயம் சொல்லிக்கொடுத்தார். ஒன்று எஸ்பார். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த பேச்சு முறை. இப்போது நிலைமை என்ன, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, என்ன செய்யச் சொல்கிறேன். நான்கே வாக்கியம். நம்மவர்கள் முதல் மூன்றையும் அழகாகச் சொல்லிவிட்டு நான்காவதில் "நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார்" என்று முடித்துவிடுவோம். உயிரே அந்த நான்காவதில்தான் இருக்கிறது. இரண்டாவது, ஒரு வாக்கியம்: "ஐ'ம் நாட் ஹேப்பி ஃபார் ஹிம் டு கோ ஹோம்." தமிழில் நினைத்தால் சிணுங்கல் மாதிரி இருக்கும், உனக்குச் சந்தோஷமில்லை என்றால் யாருக்கென்ன? இங்கே வார்டில் அதற்கு நல்ல கனம். இதைச் சொன்னால் ரவுண்டு நின்றுவிடும், ஏன் என்று கேட்டாக வேண்டும். பாத்ரூம் கண்ணாடி முன்னால் ஒரு வாரம் பழகினேன். வெளியே இருந்து கணவர், "தோசை ஆறிப்போச்சு, ஐ'ம் நாட் ஹேப்பி" என்றார்.

மேலே இருப்பவரிடம் பேசுவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். கீழே இருப்பவரிடம் பேசுவது அதைவிடக் கஷ்டம். எங்கள் வார்டு அசிஸ்டென்டுக்கு ஐம்பத்தெட்டு வயது, அங்கேயே இருபத்தேழு வருடம். என் அம்மா வயது. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே எனக்கு நாக்கு எழவில்லை. அக்கா, அம்மா எதுவும் இல்லாத மொழியில் மரியாதையை எங்கே வைப்பது என்று புரியவில்லை. அதனால் "எக்ஸ்கியூஸ் மீ" என்றே ஓட்டினேன். வேலை சொல்வது இன்னும் மோசம். அவர் செய்ய வேண்டிய நடைப்பயிற்சியையெல்லாம் நானே செய்துவிட்டு, ஐந்தரை மணிக்கு மேல் உட்கார்ந்து நோட்ஸ் எழுதினேன். பெரியவரைச் சிரமப்படுத்தவில்லை என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி.

ஒரு நாள் அவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "நான் ஏதாவது தப்பு செய்தேனா? இரண்டு மாதமாக என்னை நம்பி ஒரு நோயாளியைக்கூட நீங்கள் விடவில்லை." கண் கலங்கியிருந்தது. நான் மரியாதை என்று கொடுத்தது அவர் கைக்கு அவமானமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. என்னத்தைச் சொல்ல! ஊர் வழக்கத்தை எல்லாம் விளக்கினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "சரி, நாளையிலிருந்து பட்டியல் போட்டுத் தாருங்கள். பிடிக்கவில்லை என்றால் நானே சொல்வேன்." பேண்ட் 3-இல் நானே இருந்திருக்கிறேன். எது செய்யலாம் என்று யாரும் தெளிவாகச் சொல்லாத நாள்தான் அப்போது ரொம்ப நீளமாக இருந்தது. அதை நான் எப்படி மறந்தேன் என்பதுதான் தெரியவில்லை.

நோயாளியைப் பிடிப்பதில் இந்தத் தப்பை நான் ஒரு நாளும் செய்யமாட்டேன். இறுக்கிப் பிடித்தால் அவர் கால் வேலை செய்யாது, கையை அடியோடு எடுத்தால் விழுவார். எவ்வளவு பிடிப்பது என்று உள்ளங்கைக்குத் தெரியும். ஆட்களை வைத்து வேலை வாங்க அந்த உள்ளங்கை எனக்கு மெதுவாகத்தான் வந்தது.

2020 வந்தது. கோவிட் நோயாளிகளைக் குப்புறத் திருப்பும் குழுக்களில் பிசியோக்களை ஐசியுவுக்கு அனுப்பினார்கள். வாயில் குழாயோடு மயக்கத்தில் இருப்பவரைத் திருப்ப ஏழெட்டுப் பேர் வேண்டும். கட்டளை கொடுப்பவர் தலைமாட்டில் நின்று சுவாசக் குழாயைப் பிடித்திருப்பவர். அவர் எண்ணினால்தான் திருப்ப வேண்டும். ஒரு ராத்திரி தலைமாட்டில் வயதில் சின்ன மயக்க மருந்து டாக்டர். கால்மாட்டில் தலைநரைத்த கன்சல்டன்ட், அந்தப் பெண் எண்ணுவதற்காக வாயை மூடிக் காத்திருந்தார். எனக்கு எங்கள் வார்டு நினைவுக்கு வந்தது. பெரியவர்களைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது "ரெடி, ஸ்டெடி, ஸ்டாண்ட்" என்று எண்ணுவது நான்தானே? தினம் இருபது தடவை. நர்ஸ், சில நேரம் டாக்டர், எல்லோரும் என் குரலுக்குத்தானே தூக்குகிறார்கள்? நடு நாற்காலி எங்கேயும் கிடையாது. அந்த நிமிடத்தில் யார் தலைமாட்டில் நிற்கிறாரோ, அவர்.

அடுத்த இன்டர்வியூவில் அதே கேள்வி வந்தது. அந்தப் பதின்மூன்று படிகளையும், நான் பார்த்த ஷூவையும், அதற்குப் பிறகு எங்கள் வார்டில் "வீட்டில் எத்தனை படி, இங்கே எத்தனை ஏறினார்" என்று பலகையில் ஒரு கட்டம் சேர்த்ததையும் சொன்னேன். பேனா ஓடியது.

பேண்ட் 6 ஆனதும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தேசிய சுகாதார சேவையின் தலைமைத்துவ அகாடமியில் இலவசமாக ஆன்லைனில் படிக்கும் எட்வர்ட் ஜென்னர் பயிற்சி, அடுத்ததாக ஆறு மாத மேரி சீகோல் பயிற்சி. ஜமைக்காவில் பிறந்து, கிரிமியப் போர் நடந்த இடத்துக்குச் சொந்தச் செலவில் போய் வீரர்களைக் கவனித்த பெண்மணியின் பெயர் அது. பாடங்களில் பாதி எனக்கு நினைவில்லை, வட்டமும் அம்புக்குறியுமாக நிறையப் படங்கள். மனதில் நின்றது, கூட வேலை செய்பவர்களிடம் பெயர் போடாமல் நம்மைப் பற்றி எழுதி வாங்குவது. "ரொம்ப அன்பானவர். ஆனால் என்ன நினைக்கிறார் என்று கடைசிவரை தெரியாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் இதைக் காட்டினால் பாராட்டு என்றே எடுத்துக்கொள்வார்கள்.

அந்த நாட்களில் டாக்டர் மேரி வர்கீஸை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். நான் வேலூரில் படித்தவள் இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் பிசியோ படித்த யாருக்கும் அவர் கதை தெரியும். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மையத்தை எழுப்பினார், 1972-இல் பத்மஸ்ரீ. கல்லூரியில் இதை மன உறுதிக்கு உதாரணமாகச் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அவ்வளவு பெரிய துறையை எப்படிக் கட்டினார், யாரிடம் எதைக் கேட்டு வாங்கினார், எதற்கு மாட்டேன் என்றார் என்று யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

சமீப வருடங்களில் இந்தியாவிலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள். போன வருடம் எங்கள் டீமுக்கு மதுரைப் பெண் ஒருத்தி வந்தாள். எதைச் சொன்னாலும் "எஸ் மேம்." என்னையே பத்து வருடம் பின்னால் நின்று பார்த்த மாதிரி இருந்தது. "மேம் வேண்டாம், பெயர் சொல்லு" என்றேன். மூன்று நாள் தவித்துவிட்டு, "அக்கான்னு கூப்பிட்டுக்கவா?" என்றாள். சரி என்றேன், ஆனால் ஒரு கண்டிஷன்: "வாரத்துக்கு ஒரு தடவையாவது நான் சொல்றது தப்புன்னு சொல்லணும். எல்லார் முன்னாடியும்."

ஏழு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாவது வாரம் போர்டு ரவுண்டில் ஒரு தாத்தாவைப் பற்றி, "வீட்டுக்குப் போகலாம்" என்றேன். பின்னாலிருந்து மெல்லிய குரல்: "சாரி, ஐ'ம் நாட் ஹேப்பி." கன்சல்டன்ட் திரும்பினார். எனக்குச் சுருக்கென்றது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், காது வரை சூடேறியது. "ஏன்?" என்று கேட்டேன். நேற்று சாயங்காலம் ஏழாவது படியில் அவர் முட்டி நடுங்கியதைச் சொன்னாள். சரி, இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று இருவரும் அவரைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனோம். அவள் எண்ணினாள், நான் பின்னால் நின்றேன்.

மனிதர் பன்னிரண்டு படியும் ஏறி, அதே வேகத்தில் இறங்கினார். முட்டி நடுங்கவில்லை. அவள் முகம் விழுந்துவிட்டது.

"சாரி அக்கா."

"எதுக்கு சாரி? நாளைக்கும் நடுங்கினா நாளைக்கும் சொல்லணும்."

தாத்தா கைப்பிடியைப் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டீர்களா, மீ டக்? எனக்கு ஒரு டீ வேண்டும்."